ஆம்பூருக்கு வந்த ‘வேதம் மட்டும்’

1893இல் அமெரிக்காவின் மிசௌரி சினாடு என்ற லுத்தரன் சபை வெளிநாட்டு மிஷன் ஒன்றைத் தொடங்கத் தீர்மானித்தபோது அதன் மனதில் இருந்த நாடு ஜப்பான். திட்டம் இந்தியாவுக்குத் திரும்பியதற்குக் காரணம், தமிழ் தெரிந்த இரண்டு ஜெர்மன் மிஷனரிகள் அப்போது வேலையிழந்து நின்றதுதான். தியோடர் நேத்தர், ஃபிரான்ஸ் மோன் இருவரும் லைப்சிக் மிஷனின் ஊழியர்கள். வேதாகமம் சொல்லுக்குச் சொல் தேவ ஆவியால் அருளப்பட்டது, அதில் பிழையில்லை என்ற போதனையை ஏற்காதவர்களுக்கும் சங்கம் இடம் கொடுக்கிறது என்று அவர்கள் முறையிட்டார்கள். முறையீடு எடுபடவில்லை, முறையிட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1894 அக்டோபர் 14 அன்று மிசௌரி மாநிலத்தின் செயின்ட் சார்லஸ் நகரில் இருவரையும் மிசௌரி சினாடு தன் முதல் வெளிநாட்டு மிஷனரிகளாக அபிஷேகம் செய்து அனுப்பியது. 1895இல் நேத்தர் கிருஷ்ணகிரியில் குடியேறினார். மறு ஆண்டு மோன் ஆம்பூருக்கு வந்தார்.

ஆம்பூரில் இன்று கன்கார்டியா என்ற பெயரில் ஒரு பள்ளியும் பெதஸ்தா என்ற பெயரில் ஒரு மருத்துவமனையும் இருப்பது இந்த வரலாற்றின் தொடர்ச்சி. ஊரில் பலருக்கு அவை பழைய மிஷன் நிறுவனங்கள், அவ்வளவுதான். ஆனால் அவற்றின் வேரில் இருப்பது கிறிஸ்தவத்தின் மிகப் பழைய வழக்கு ஒன்று: எதை விசுவாசிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? எழுதப்பட்ட வேதத்துக்கா, அதைக் காத்துவந்து விளக்கும் சபைக்கா? வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் பகுதியில் இந்தக் கேள்விக்கான முக்கியமான பதில்கள் எல்லாமே பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் கிடைக்கின்றன. என் வாதம் ஒன்றுதான். ‘வேதம் மட்டும்’ என்ற கொள்கை இந்த மண்ணுக்கு ஒரு சபையின் போதனையாகத்தான் வந்தது. வேறு எப்படியும் வந்திருக்க முடியாது.

நேத்தரும் மோனும் பயப்பட்டதற்குக் காரணம் இருந்தது. 1878இல் யூலியஸ் வெல்ஹவுசன் இஸ்ரவேலின் வரலாறு குறித்து எழுதிய நூலுக்குப் பிறகு, மோசேயின் ஐந்து ஆகமங்கள் வெவ்வேறு காலத்து எழுத்துகளின் தொகுப்பு என்ற கருத்து ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. லுத்தரன் சபைக்கு இந்த ஆராய்ச்சி கொடுத்த அடி மற்றவர்களுக்கு விழுந்த அடியைவிடப் பலமானது. கத்தோலிக்கருக்கு வேதத்தோடு திருச்சபை மரபும் போப்பின் ஆசிரியத்துவமும் இருந்தன. 1546 ஏப்ரல் 8 அன்று திரெந்து சங்கம் எழுதப்பட்ட நூல்களையும் எழுதப்படாத அப்போஸ்தல மரபுகளையும் ஒரே மரியாதையோடு ஏற்பதாக அறிவித்திருந்தது. 1870இல் முதல் வத்திக்கான் சங்கம் போப்பின் தவறா வரத்தையும் கோட்பாடாக்கியது. லுத்தரன்களிடம் இருந்தது ஒரு நூல். 1519இல் இதே லைப்சிக் நகரில்தான், கத்தோலிக்க இறையியலாளர் ஜான் எக்கோடு நடந்த விவாதத்தில், சபைச் சங்கங்களும் தவறக்கூடும் என்று லூத்தர் வெளிப்படையாகச் சொன்னார். போப்பும் தவறலாம், சங்கமும் தவறலாம் என்றால் மிஞ்சுவது வேதம். அந்த வேதமும் தவறலாம் என்று சொந்த வீட்டுப் பேராசிரியர்களே சொல்ல ஆரம்பித்தால் காலூன்ற இடம் ஏது?

மிசௌரி சினாடு அந்த இருவரையும் கைநீட்டி வரவேற்றதற்கு இன்னொரு பின்னணி உண்டு. இதை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆம்பூர் சபையின் நிர்வாக அமைப்பு இன்றுவரை இப்படி இருப்பதற்கு இதுவே விளக்கம். மிசௌரி சபையின் முன்னோர்கள் 1838-39இல் சாக்சனியிலிருந்து கப்பலேறிய லுத்தரன்கள். லைப்சிக் மிஷனும் பிறந்தது அதே சாக்சனியில், 1836இல் டிரெஸ்டன் நகரில். புறப்பட்டவர்களின் தலைவர் மார்ட்டின் ஸ்டீபன் என்ற போதகர். வழியிலேயே அவரைப் பிஷப் என்று ஏற்று, கீழ்ப்படிவதாகக் கையெழுத்துப் போட்டார்கள். அமெரிக்கா போய்ச் சேர்ந்த சில மாதங்களில், 1839 மே மாதம், ஒழுக்கக் கேடு, பண விவகாரம் என்ற குற்றச்சாட்டுகளின் பேரில் அதே ஸ்டீபனைத் துரத்திவிட்டார்கள். பிறகு அவர்களைப் பிடித்துக்கொண்டது ஒரு பெரிய திகில். தாய்ச்சபையை விட்டு வந்தாயிற்று, பிஷப்பையும் விரட்டியாயிற்று. இனி நாம் ஒரு சபைதானா, நம் போதகர்கள் கொடுக்கும் திருவிருந்து செல்லுமா? 1841இல் ஆல்டன்பர்க் என்ற குடியிருப்பில் நடந்த விவாதத்தில் சி. எஃப். டபிள்யூ. வால்தர் பதில் சொன்னார். தேவ வசனமும் சாக்கிரமெந்துகளும் எங்கே இருக்கின்றனவோ அங்கே சபை இருக்கிறது. அதற்குப் பிஷப் தேவையில்லை. 1847இல் உருவான மிசௌரி சினாடு இந்தப் பதிலின் மேல் நின்றது. லைப்சிக் மிஷன் வழிவந்த தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்குத் தரங்கம்பாடிப் பேராயர் இருக்கிறார், 1958இல் உருவான இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு, அதாவது ஆம்பூர்க்காரர்களின் சபைக்கு, தலைவர்தான் இருக்கிறார் என்பதன் பின்னால் மிசௌரியின் பெரி கவுண்டியில் படகேற்றி அனுப்பப்பட்ட அந்த ஸ்டீபனின் நிழல் இருக்கிறது.

சரி, அந்த வசனம் ஆம்பூர்ப் பக்கத்துச் சேரிகளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? 1901இல் சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. மிஷன் சென்று சேர்ந்த தலித் குடும்பங்களில் நிலைமை இன்னும் மோசம். வேதாகமத்தை வாசித்து அதன் போதனையைத் தானே கண்டுகொள்ளும் விசுவாசி அங்கே இல்லை. இருந்தவர் உபதேசியார். அவர் கையில் இருந்தது லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம். தரங்கம்பாடி மிஷனரி சீகன்பால்கு காலத்திலிருந்தே தமிழில் புழங்கிவரும் நூல் அது.

இந்தச் சிறு நூலின் அமைப்பைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், திருவிருந்து என்று அது வரிசைப்படும். ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் அதன் பொருளைக் கேட்கும் ஒரு கேள்வி அச்சிட்டிருக்கும். கேள்விக்குக் கீழே பதிலும் அச்சிட்டிருக்கும். திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகும் பிள்ளை எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு ஒப்பிக்க வேண்டியது அந்தப் பதிலை. ஒரு சொல் பிசகினால் மறுபடியும் முதலிலிருந்து. பிள்ளை தானாக யோசித்து வேறொரு நல்ல பதில் சொன்னாலும் அது பதிலாகாது. வேதம் என்ன சொல்கிறது என்று சபை கேட்கிறது. வேதம் இதைத்தான் சொல்கிறது என்று சபையே சொல்லியும் கொடுக்கிறது. படிக்கத் தெரியாத பாட்டிகள் காதால் கேட்டே இதை முழுவதும் மனப்பாடம் செய்தார்கள். எந்தப் போப்பின் சுற்றுமடலும் இந்த அளவுக்கு ஒரு குடும்பத்தின் நாவில் ஏறியிருக்காது.

இதை இரட்டை வேடம் என்று சொல்ல மாட்டேன். லுத்தரன் இறையியலாளர்கள் இந்த முரணை அறியாதவர்கள் அல்ல. வேதம் ஒன்றே எல்லாப் போதனைக்கும் உரைகல் என்று தெளிவாக அறிவிப்பது 1577இன் ஒருமைப்பாட்டு அறிக்கை; 1580இல் அது மற்ற அறிக்கைகளோடு ஒரே தொகுப்பாக வெளிவந்தது. அதாவது ‘வேதம் மட்டும்’ என்பதைச் சொல்வதற்கே ஒரு சபை ஆவணம் வேண்டியிருந்தது. அந்த ஆவணத்துக்கு ஒருவர் எப்படி உடன்பட வேண்டும் என்பதில்தான் சண்டையே. வேதத்தோடு இசைந்திருக்கும் அளவுக்கு இதை ஏற்கிறேன் என்று சொல்வது ஒரு வகை. வேதத்தோடு இசைந்திருப்பதால் ஏற்கிறேன் என்பது இன்னொரு வகை. முதலாவதில் தீர்ப்பு என் கையில். நாளை நான் இசையவில்லை என்று கண்டால் விலகலாம். இரண்டாவதில் தீர்ப்பு முன்பே எழுதப்பட்டுவிட்டது. மிசௌரி வழியில் அபிஷேகம் பெறும் போதகர் இரண்டாவது வகையில்தான் உடன்படிக்கை செய்கிறார். ஆம்பூரில் குருப்பட்டம் பெற்றவர் சாக்சனியில் பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய விளக்கத்தைச் சரியான விளக்கம் என்று உறுதிமொழி கொடுத்துவிட்டே வேதத்தைத் திறந்தார்.

மிசௌரிக்காரர்களையே பிற்காலத்தில் இந்த முரண் ஆட்டிவைத்தது. 1973இல் நியூ ஆர்லியன்ஸில் கூடிய சினாடு மாநாடு, வேதாகமத்தின் பிழையின்மையை வலியுறுத்தும் ஓர் அறிக்கையைச் சபையின் அதிகாரபூர்வ நிலையாகப் பெரும்பான்மை வாக்கால் நிறைவேற்றியது. 1974 பிப்ரவரி 19 அன்று செயின்ட் லூயிஸ் கன்கார்டியா இறையியல் கல்லூரியின் ஆசிரியர்களும் மாணவர்களும் பெரும்பாலோர் வளாகத்தை விட்டு வெளிநடப்புச் செய்தார்கள். வேதத்துக்கு மேல் எந்த மனித அதிகாரமும் இல்லை என்பதைக் கை தூக்கச் சொல்லி எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. இதற்குள் இந்தியப் பிள்ளை தனி வழி பார்த்திருந்தது. மிசௌரி சினாடு ஒருபோதும் சேராத உலக லுத்தரன் கூட்டமைப்பில் ஆம்பூர்ச் சபை 1970இலேயே சேர்ந்துவிட்டது. போதனையில் முழு உடன்பாடு இல்லாதவர்களோடு ஐக்கியம் கூடாது என்று வளர்க்கப்பட்ட சபை, லைப்சிக் வழிவந்த சபைகளோடு ஒரே கூட்டமைப்பில் உட்கார்ந்தது. நேத்தர் இதை ஏற்றிருப்பாரா என்று சொல்ல முடியாது. அவர் 1904இலேயே கிருஷ்ணகிரியில் பிளேக்குக்குப் பலியாகிவிட்டார்.

லைப்சிக் மிஷனை விட்டு மனசாட்சியின் பேரில் பிரிந்தவர்களில் நேத்தரும் மோனும் முதலாமவர்கள் அல்லர். முப்பது ஆண்டுகளுக்கு முன் கார்ல் ஓக்ஸ் வெளியேறினார். அவருக்குப் பிரச்சினை சாதி. சபைக்குள் சாதி வேறுபாடு என்பது சமூக வழக்கம், அதைச் சட்டம் போட்டு ஒழிக்காமல் சுவிசேஷம் மெல்ல மெல்லக் கரைக்கட்டும் என்பது லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரௌலின் நிலைப்பாடு. குறளை ஜெர்மனில் பெயர்த்த அதே கிரௌல்தான். சாதியைக் கைவிடாதவர் திருவிருந்துக்கு எப்படி வரலாம் என்று ஓக்ஸ் கேட்டார். கடைசியில் டேனிஷ் மிஷன் சங்கத்தோடு சேர்ந்து 1860களில் தென்னாற்காட்டு மேல்பட்டாம்பாக்கத்தில் வேறு பணி தொடங்கினார். இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதன் வழிவந்தது. இந்த வழக்கில் வேதத்தின் அதிகாரத்தை ஓக்ஸும் ஏற்றார், கிரௌலும் ஏற்றார். ஒருவர் கலாத்தியருக்கு எழுதின நிருபத்தைக் கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்பதற்காகத் திறந்தார். மற்றவர் கிறிஸ்தவ சுயாதீனத்துக்காகத் திறந்தார். தமிழ்க் கிறிஸ்தவத்தின் மிகப் பெரிய அறக் கேள்வியில் வேதம் மட்டும் என்ற அளவுகோல் ஒரு முடிவைத் தரவில்லை என்பது என் மதிப்பீடு. முடிவு வந்த இடங்களில் எல்லாம் அது ஒரு சபையின் ஒழுங்காக, பந்தியில் இடமில்லை என்று சொல்லத் துணிந்த ஒழுங்காக வந்தது.

ஆம்பூரிலிருந்து கிழக்கே வேலூருக்குப் போனால் வேறொரு பதில். ஆற்காடு மிஷனை 1853இல் தொடங்கிய ஸ்கடர் சகோதரர்களின் தாய்ச்சபை, டச்சு மரபில் வந்த அமெரிக்கச் சீர்திருத்தச் சபை. பெல்ஜிக் அறிக்கை, ஹைடல்பர்க் ஞானோபதேசம், டார்ட் தீர்மானங்கள் என்று அதற்கும் கனமான சபை ஆவணங்கள் உண்டு. ஆனால் இந்தச் சுமையை இந்தியர் தலையில் ஏற்ற வேண்டுமா என்ற கேள்வி அங்கே சீக்கிரமே எழுந்துவிட்டது. மதனப்பள்ளியில் பணியாற்றிய ஜேக்கப் சேம்பர்லேன், ஐரோப்பாவின் பிரிவினைகளை இந்தியச் சபை சுமக்கத் தேவையில்லை என்று அமெரிக்கத் தலைமையிடமே வாதாடினார். ஆற்காடு மிஷனின் சபை முதலில் ஸ்காட்டிஷ் பிரஸ்பிட்டேரியன்களோடும் 1908இல் காங்கிரகேஷனல் சபைகளோடும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆயிற்று. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது வேலூர்க்காரர்கள் அதற்குள் இருந்தார்கள்.

புதிய சபையின் அமைப்பு விதி, மீட்புக்குத் தேவையான யாவும் வேதத்தில் உண்டு, விசுவாசத்துக்கு முடிவான அளவுகோல் அதுவே என்கிறது. அப்போஸ்தலர், நிசேயா விசுவாசப் பிரமாணங்களை அந்த விசுவாசத்துக்குச் சாட்சி என்கிறது. அதோடு பேராயர் பதவியையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அந்தப் பதவிக்கு இன்ன இறையியல் விளக்கம்தான் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பேராயர் கையால் அபிஷேகம் பெறாத பழைய போதகர்களும் அப்படியே தொடர்ந்தார்கள். மிசௌரிக்காரர்கள் கண்ணில் இது பட்டும் படாத ஏற்பாடு. எனக்கென்னவோ இதில் ஒரு நேர்மை தெரிகிறது. தென்னிந்தியத் திருச்சபையின் குருப்பட்டச் சடங்கில் பேராயர் முதலில் தலைமேல் கை வைக்கிறார், பிறகு கையில் வேதாகமத்தைக் கொடுக்கிறார். கை, நூல் என்ற இரண்டில் எது பெரிது என்று சடங்கு சொல்வதில்லை.

கத்தோலிக்கத் தரப்பைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும், அங்கே கோட்பாடு மாறாமல் நடைமுறை மாறியது என்பதால். இன்றைய வேலூர் மறைமாவட்டத்துக்குள் வரும் சேத்துப்பட்டில் பாரிஸ் மிஷன் குரு தராஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும் எண்ணிக்கையில் மக்களைத் திருச்சபையில் சேர்த்தபோது அவர்கள் கைக்கு வந்தவை ஜெபமாலையும் மறைக்கல்வி மந்திரங்களும்தான். 1952இல் வேலூர் மறைமாவட்டம் உருவானது. 1965 நவம்பர் 18இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கை விளக்கத்தை வெளியிட்டு, திருச்சபையின் ஆசிரியத்துவம் இறைவார்த்தைக்கு மேலானதல்ல, அதற்குப் பணி செய்வது என்றது. வேதத்தையும் மரபையும் பிரிக்கவும் மறுத்தது. 1995இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டினரும் சேர்ந்து உழைத்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு திண்டிவனத்திலிருந்து வெளிவந்தது. இன்று சேத்துப்பட்டுக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் விவிலியம் இருப்பது சாதாரணம். ஆம்பூர் லுத்தரன் பாட்டிக்கு அது எட்டாமல் இருந்த காலமும் ஒன்று இருந்தது.

இந்த வழக்கு கிறிஸ்தவர்களுடையது மட்டும் என்று நினைக்க இந்தப் பகுதி விடாது. வேலூரின் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி மத்ஹபு மரபில் ஊன்றி நிற்பது. சட்டப் பள்ளிகளின் இமாம்கள் சொன்ன வழியே குர்ஆனையும் ஹதீஸையும் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது அந்த மரபு. ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகும் வழியில் உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாமை 1924இல் நிறுவியவர் காக்கா முஹம்மது உமர் என்ற தோல் வணிகர். எல்லா மத்ஹபு மாணவர்களையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்து, எந்த ஒரு பள்ளிக்கும் கட்டுப்படாமல் மூல ஆதாரங்களோடு ஒப்பிட்டுப் படிப்பிக்கும் இடமாக அது பெயர் பெற்றது. மூலநூலுக்கே நேராகப் போவதா, பெரியவர்கள் போட்ட பாதையில் போவதா என்ற சர்ச்சையை உமராபாத் மாணவரிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

தமிழ் இறையியலாளர் ஒருவர் இந்தக் கேள்வியை ஐரோப்பியச் சட்டகத்திலிருந்து வெளியே எடுத்தார். பாளையங்கோட்டைக்காரரான ஏ. ஜே. அப்பாசாமி, தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்ப் பேராயராக இருந்தவர். இந்திய தத்துவத்தில் ஒரு கருத்தைச் சொல்பவர் முதலில் தம் பிரமாணங்கள் எவை என்று சொல்லியாக வேண்டும். சைவ சித்தாந்தியும் காட்சி, கருதல், உரை என்று அளவைகளை வைத்துவிட்டே மேலே போகிறார். கிறிஸ்தவரும் அப்படிச் செய்யட்டும் என்றார் அப்பாசாமி. சுருதி, யுக்தி, அனுபவம் என்ற மூன்றோடு சபையையும் நான்காவது பிரமாணமாகச் சேர்த்தார். 1971இல் இதையே தனி நூலாகவும் எழுதினார். வேதமா சபையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வி இங்கே கரைந்துவிடுகிறது. ஒரே விஷயத்துக்கு நான்கு சாட்சிகளை விசாரிக்கலாம். ஆனால் சாட்சிகள் முரண்பட்டால் யார் சொல் எடுபடும் என்ற இடத்தில் அப்பாசாமியின் திட்டம் தளர்கிறது. சபை என்று அவர் சொன்னது எந்தச் சபை என்று ஆம்பூரில் நின்று கேட்டால் குறைந்தது நாலு வாசல்கள் திறக்கும்.

நாலாவது வாசல் பெந்தெகொஸ்தே ஜெபவீடு. ஷூ கம்பெனி ஷிப்டு முடிந்த பிறகு மாலைக் கூட்டத்துக்கு வரும் பெண்களிடம் அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாயிற்றா என்பது. குழந்தையாக இருந்தபோது தலையில் தெளித்த தண்ணீர் கணக்கில் வராது. குழந்தை ஞானஸ்நானத்துக்கு வசனம் எங்கே? இப்போது லுத்தரன் போதகர் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டார் முழுவதும் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்ற அப்போஸ்தலர் நடபடிகளைக் காட்டுகிறார். அதில் குழந்தைகள் இருந்தார்களா என்று எதிர்க்கேள்வி வருகிறது. 1528இல் மறுஞானஸ்நானக்காரர்களுக்கு எதிராக எழுதியபோது லூத்தர் எடுத்த கடைசி ஆயுதமும் இங்கேதான் பயன்படுகிறது: தொடக்க காலத்திலிருந்து சபை முழுவதும் இப்படியே செய்துவந்திருக்கிறது, அது பொய்யாக இருந்தால் இத்தனை காலம் தேவன் அதை நிலைக்க விட்டிருப்பாரா? லைப்சிக்கில் எக் வைத்த வாதமும் கிட்டத்தட்ட இதுதான்.

வாதத்தில் யார் ஜெயித்தாலும் குடும்பங்கள் இரண்டு இடத்திலும் பேர் வைத்திருக்கின்றன. கல்லறைத் தோட்டம் பழைய சபைக்குச் சொந்தம். சந்தா கட்டாதவரை அங்கே அடக்கம் செய்ய அனுமதி கேட்டு மூப்பர்களிடம் நிற்க வேண்டும். கல்யாணத்துக்கு 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இருக்கிறது. பேராயர் கையால் அபிஷேகம் பெற்றவர் தம் சபை முறைப்படி திருமணம் நடத்த அந்தச் சட்டம் தனி உரிமம் கேட்பதில்லை. பேராயர் இல்லாத சபையின் போதகரும் ஜெபவீட்டுப் பாஸ்டரும் அரசிடம் உரிமம் வாங்கியாக வேண்டும்.